சிவப்புக் குறி போட்ட பாட்டில்

அத்தியாயம் 17

எண்ணெய் ஊட்டிய கரண்டி இன்னும் காயக்கூட இல்லை. அதற்குள் இனியாவின் கண்கள் மேலே சொருகிவிட்டன.

சுகந்தி முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். ஒன்றரை வயசுக் குட்டிக் கழுதை, கண்ணை உருட்டி அம்மாவைப் பயமுறுத்துவது அதற்குப் பழக்கம். ஆனால் கை இரண்டும் விறைத்து, வாய் ஒரு பக்கமாக இழுத்து, உடம்பு வெட்டி வெட்டித் துடிக்க ஆரம்பித்ததும் அவளுக்குக் குலை நடுங்கிப்போயிற்று. "அத்தே!" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமியார் முத்துலட்சுமி கொல்லையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் இடுப்பில் சொருகியிருந்த பீரோ சாவிக்கொத்தை உருவிப் பேத்தியின் உள்ளங்கையில் திணித்தாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த வைத்தியம். குழந்தையின் விரல்கள் அதைப் பிடிக்கவே இல்லை. சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

"என்னத்தா குடுத்த பிள்ளைக்கு?"

"ஒண்ணும் குடுக்கல அத்தே."

இந்த ஒரு பொய்தான் அன்றைக்குப் பூராவும் சுகந்தியின் தொண்டையில் முள்ளாக நிற்கப்போகிறது.

போன வாரம் வரைக்கும் இந்த வீட்டில் பெரிய தகராறு என்றால் அது இனியாவின் காதுகுத்துதான். எந்தக் கோயிலில், எந்த மாசத்தில், யார் மடியில் உட்கார வைத்து என்று மாமியாரும் மருமகளும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருக்கிற குடும்பம் இது. மகன் அழகுராஜா லாரி ஓட்டுகிறான். அருப்புக்கோட்டை மில்லில் வேலை பார்க்கும் வெள்ளைத்தாயின் ஒரே மகள் சுகந்தியை அவன் காதலித்துக் கட்டிக்கொண்டான். வெள்ளைத்தாய் ஏசுவை ஏற்றுக்கொண்டவள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு ஆறுதல் கிடைத்த இடம் சபைதான். ஜாதியும் வேறு, சாமியும் வேறு. முத்துலட்சுமி இரண்டு வருஷம் மகன் முகத்தில் முழிக்காமல் இருந்தாள்.

பேத்தி பிறந்த பிறகுதான் மனசு இறங்கினாள். இறங்கும்போதே ஒரு நிபந்தனையையும் இறக்கினாள்.

"ஒங்க சபை, ஜெபம், பாட்டு எல்லாம் வாசப்படிக்கு வெளிய. உள்ள வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது, பிள்ளைய வச்சிட்டு நீ மட்டும் ஒங்கம்மா வீட்டுக்கு நடையக் கட்டிரணும்."

அழகுராஜாவும் சும்மா இருக்கவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று காளியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, அப்படியே நடப்பேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டான். சுகந்தி தலையை ஆட்டினாள். பிள்ளையோடு ஒரு கூரைக்குள் இருந்தால் போதும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் ஒரு சின்னப் பாட்டில் உள்ளே வந்துவிட்டது. வெள்ளைத்தாய் செக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கி, சபையில் வைத்து ஜெபம் பண்ணிக் கொடுத்தது. "பிள்ளைக்கு மேலுக்கு முடியலன்னா நெத்தியில ஒரு சொட்டு வச்சு ஜெபம் பண்ணு" என்றாள். சுகந்தி அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோடு மாறிவிடக் கூடாதே என்று, நகப்பாலீஷை எடுத்து மூடியில் சிவப்பாக ஒரு சின்னச் சிலுவை போட்டாள்.

இரண்டு நாளாக இனியாவுக்குச் சளி. நேற்று சாயங்காலம் சுகந்தி குழாயடிக்குப் போய்த் திரும்பியபோது, அத்தை பிள்ளையின் முதுகில் எதையோ தேய்த்து முடித்திருந்தாள். வீடே சூடம் மணக்கிறது என்று பக்கத்து வீட்டு முனீஸ்வரி சொன்னாள். சுகந்திக்கும் மூக்கு அடைத்திருந்ததால் அவளுக்கு எந்த வாசமும் தெரியவில்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளை அழுகை. காலையில் பாலையும் தட்டிவிட்டது. அத்தை கொல்லைக்குப் போன நேரம் பார்த்து அவள் பாட்டிலை எடுத்தாள்.

நெற்றியில் வைத்தால் பளபளவென்று தெரியும். அத்தை காலையில் திருநீறு பூசிய நெற்றி அது. வாயில் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

அப்படித்தான் ஒரு கரண்டி எண்ணெய் இனியாவின் வாய்க்குள் போனது.

* * *

பக்கத்துத் தெருச் சீனிச்சாமியின் ஆட்டோ அருப்புக்கோட்டை ரோட்டில் பறந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. வெயில் காலையிலேயே சுள்ளென்று ஏறிவிட்டது. பாதி வழியில் துடிப்பு நின்றது. நின்ற பிறகுதான் சுகந்திக்குப் பயம் இன்னும் கூடியது. துடித்தாலாவது உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது பிள்ளை துவண்டு, துணி மாதிரி மடியில் கிடந்தது. மூக்குக்கு நேரே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"ஏலே சீனி, வெரசாப் போடா!" என்று முத்துலட்சுமி கத்தினாள்.

"இதுக்கு மேல மிதிச்சா வண்டி கவுந்துரும் மதினி!"

முத்துலட்சுமி காளியம்மனைக் கூப்பிட்டாள், அய்யனாரைக் கூப்பிட்டாள், கிடா வெட்டுகிறேன் என்றாள். சுகந்தி வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள்ளே "ஏசப்பா, ஏசப்பா" என்று மட்டும்தான் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பொய் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, "பிள்ளைக்கு வலிப்பும்மா, டவுன் ஆஸ்பத்திரிக்கு வா" என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கையிலிருந்து நழுவியது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தினாள். கண்ணில் லைட் அடித்துப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்தாள். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தடவிக்கொண்டே இருந்தாள்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்லம்மா, சளிதான்" என்றாள் முத்துலட்சுமி.

"கீழ விழுந்துச்சா? ஏதாவது மருந்து, மாத்திரை, எண்ணெய், கைவைத்தியம்னு உள்ளுக்குக் குடுத்தீங்களா?"

 சுகந்திக்குப் பக்கத்தில் அத்தை நின்றாள். சொன்னால் பாட்டில் வெளியே வரும். பாட்டில் வந்தால் ஜெபம் வெளியே வரும். ஜெபம் வந்தால் பிள்ளை போய்விடும்.

"ஒண்ணுமே குடுக்கல டாக்டரம்மா" என்று அவளுக்கும் முந்தி முத்துலட்சுமியே பதில் சொன்னாள்.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "காய்ச்சலே இல்லாம வலிப்பு வந்திருக்கு. மூளையில தொற்று இருக்கான்னு பாக்கணும். முதுகுல நீர் எடுக்க வேண்டியிருக்கும். அந்த வசதிக்கு மதுரைதான். ஆம்புலன்ஸ் சொல்றேன், ரெடியா இருங்க."

மூளை என்ற சொல்லைக் கேட்டதும் முத்துலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸ் அவளை வெளியே போகச் சொன்னாள். சுகந்தி சுவரோடு சுவராக நின்றாள். அழுகைகூட வரவில்லை. மூளையில் ஒன்றும் இல்லை, வயிற்றில்தான் இருக்கிறது என்று அவளுக்குள் ஏதோ ஒன்று அடித்துச் சொன்னது. ஆனால் அது வெறும் தேங்காய் எண்ணெய்தானே? அதுவும் ஜெபம் பண்ணினது ஆயிற்றே? அது எப்படிப் பிள்ளையைக் கொல்லும்?

* * *

வெள்ளைத்தாய் மில்லில் மாட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். தலைமுடி பூராவும் பஞ்சு. பேத்தியைக் கட்டிலில் ஒரு பார்வை பார்த்தாள், அடுத்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்ததைவிட மகளைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வராண்டா மூலையில் நிறுத்தினாள்.

"என்னடி செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யலம்மா."

"இருவத்தாறு வருஷமா ஒன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன். பள்ளிக்கூடத்துல சிலேட்ட ஒடச்சிட்டு வந்து நிப்பியே, அதே மூஞ்சி. சொல்லு."

சுகந்தி உடைந்துபோனாள். "ஜெபம் பண்ணும்மா. மொதல்ல ஜெபம் பண்ணு. நீ பண்ணினா கேப்பாரு. என்னைய ஒண்ணும் கேக்காத."

வெள்ளைத்தாய் கண்ணை மூடவில்லை. கை கூப்பவும் இல்லை. மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இங்க பாரு. ஒளிச்சு வச்சிட்டு ஜெபம் பண்ணினா அது ஜெபம் இல்ல, பயம். ஏசப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவருக்குச் சொல்ல வேண்டியதில்ல. தெரியாதது அந்த டாக்டரம்மாவுக்குத்தான். மொதல்ல அவுககிட்டச் சொல்லு. அப்புறம் ரெண்டு பேரும் முட்டி தேய ஜெபம் பண்ணுவம்."

"சொன்னா அத்தை பிள்ளையப் பறிச்சிருவாகம்மா."

"பறிக்கிறதுக்குப் பிள்ள இருக்கணும்ல?"

 சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். அத்தை கதவோரம் நின்றிருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் நிற்கவில்லை.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். காலையில ஒரு கரண்டி எண்ணெய் வாயில ஊத்துனேன். தேங்காய் எண்ணெய். எங்க சபையில ஜெபம் பண்ணினது."

கதவோரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் சுகந்திக்கு அதிகப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. யோசித்தாள். "வெறும் தேங்காய் எண்ணெய்க்கு இப்படி வராதேம்மா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "கற்பூர வாசம் அடிக்குதே? நெஞ்சுல தேச்சீங்களா?"

"முதுகுலதான் தேச்சாக. நேத்து."

"முதுகுல தேச்சது வாயில எப்படி மணக்கும்? அந்த எண்ணெய்ல கற்பூரம் போட்டிருந்தீங்களா? இருந்தா எவ்வளவு? எனக்குத் தெரிஞ்சாகணும். கற்பூரம் வயித்துக்குள்ள போனா சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரும், மூச்சும் நிக்கும். அப்படின்னா நான் பாக்க வேண்டிய விதமே வேற. ஆம்புலன்ஸ்ல தூக்கிப்போட்டு அனுப்பவும் முடியாது."

"சத்தியமா நான் போடல டாக்டரம்மா!"

"அப்ப யாரு?"

சுகந்தி திரும்பினாள். கதவோரம் காலியாக இருந்தது.

* * *

முத்துலட்சுமி ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயை அடைத்திருந்தாள். சுகந்தி அவளிடம் ஓடப் பார்த்தாள். வெள்ளைத்தாய் அவளைத் தடுத்து நிறுத்தினாள்.

"நீ போனா சண்டையாகும். பின்னால நில்லு."

இந்த இரண்டு சம்பந்திகளும் இதுவரை நேருக்கு நேர் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வார்த்தைதான் இருக்கும். ஊரில் சம்பந்திப் பொம்பளைகள் ஒருத்தரையொருத்தர் மதினி என்று கூப்பிடுவது வழக்கம். முத்துலட்சுமி வெள்ளைத்தாயை "இந்தாம்மா" என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதே இல்லை. வெள்ளைத்தாயும் மரியாதையாக ஒதுங்கியே நின்றுகொள்வாள்.

இன்று அவள் போய் அந்தத் திண்டில், பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மதினி" என்றாள்.

முத்துலட்சுமி வெடுக்கென்று திரும்பினாள்.

"யாரு போட்டான்னு நான் கேக்க மாட்டேன் மதினி. எம் மக களவாணித்தனமா ஊத்துனா, அவள ஒளிக்க வச்ச அந்த எண்ணெயக் குடுத்தவ நானு. அந்தக் கணக்க நாம பெறகு தீத்துக்குவம். இப்ப எவ்வளவு போட்டதுன்னு மட்டும் டாக்டரம்மாட்டச் சொல்லணும். யாருன்னு வேணாம். எவ்வளவுன்னு மட்டும்."

 "நான் எதுக்கு..." என்று முத்துலட்சுமி ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. பிறகு மடை உடைந்தது போலக் கொட்டினாள்.

"அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு பாட்டிலு கெடந்துச்சு. மூடியில செவப்பா பிளஸ்ஸு போட்டிருந்துச்சு. மருந்துக்கடை போர்டுல இருக்கும்ல, அதேதான். நான் ஆஸ்பத்திரியில குடுத்த தேய்க்கிற எண்ணெய்னு நெனச்சேன். சளிக்குச் சூடம் போட்டுத் தேச்சா எடுத்துரும்னு, பூசை டப்பாவுல இருந்ததப் பூராம் நுணுக்கிப் போட்டு, பாட்டிலோட வெந்நியில வச்சுக் கரைச்சேன். ஊர் நர்ஸு, பிள்ளைக்குச் சூடமே ஆகாதுன்னு ரெண்டு மொற சொல்லிருக்கா. நான்தான் கேக்கல. தேச்சுட்டு, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். இவ அதத் தொடுவான்னு நான் என்ன கனாக் கண்டனா?"

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்ற சுகந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருந்துக்கடை பிளஸ்! எது எதோடும் மாறிவிடக் கூடாது என்று அவள் போட்ட குறியைத்தான் அத்தை மருந்துக் குறி என்று நம்பியிருக்கிறாள். அத்தைக்கு மறைத்து அவள் வைத்தாள், நர்ஸுக்கு மறைத்து அத்தை கரைத்தாள். இரண்டு பேர் மறைத்ததும் ஒரே பாட்டிலில் கலந்து, ஒரு கரண்டியாகப் பிள்ளையின் தொண்டையில் இறங்கிவிட்டது. ஐயோ, ஐயோ என்று அவள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

"எந்திரிங்க மதினி" என்று வெள்ளைத்தாய் முத்துலட்சுமியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "அந்த டப்பா எந்த அளவுன்னு டாக்டரம்மாவுக்குக் கையால காட்டுங்க. வாங்க."

மூன்று பேரும் உள்ளே நுழைந்தபோது இனியாவுக்கு இரண்டாவது வலிப்பு வந்திருந்தது.

* * *

 குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் ஆக்ஸிஜன் மூடியை முகத்தில் அமுக்கினாள். முத்துலட்சுமி கையை விரித்து, "இந்த அளவு டப்பா, முக்கால்வாசி இருந்துச்சு, அத்தனையும் போட்டேன்" என்று கதறினாள். டாக்டரம்மா அதைக் கேட்டுக்கொண்டே ஊசி மருந்தின் பெயரை நர்ஸிடம் சொன்னாள். யாரும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாயில் எதையும் ஊட்டக் கூடாது என்று கத்தினாள். ஊசி ஏறியது. துடிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"சொன்னீங்களே, நல்ல வேளை" என்றாள் டாக்டரம்மா. நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "எதோட சண்டை போடுறோம்னு இப்ப தெரியுது. மதுரை டாக்டர்கிட்டப் போன்ல பேசிட்டேன், இங்கயே வச்சுப் பாக்கச் சொல்றாரு. ஆனா ஒண்ணு, மருந்து மயக்கம் தெளிஞ்சு பிள்ளை கண்ணு முழிச்சு ஆளை அடையாளம் கண்டுக்கணும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதும் சீனிச்சாமி ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பறந்தான்.

மூன்று பெண்களும் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். இனியா மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்கூடு ஏறியது, இறங்கியது. கொஞ்சம் தாமதமாக ஏறினால் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது.

வெள்ளைத்தாய் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்தாள். மாமியார் இருக்கிறாள் என்று சத்தம் காட்டவில்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. முத்துலட்சுமி எரிச்சலோடு சொன்னாள்:

"வாய்க்குள்ளயே என்னத்த மொணமொணங்குற? சத்தமாச் சொல்லு. எனக்கும் கேக்கட்டும்."

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, தன் முகத்தில் இருக்கிற அதே பயம்.

வெள்ளைத்தாய் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "ஏசப்பா, எங்களுக்கு வழி தெரியல. நாங்க செஞ்ச தப்ப எங்ககிட்டயே கேளும், பிள்ளைகிட்டக் கேக்காதேயும். அது கண்ணத் தொறந்து ஆத்தாளப் பாக்கட்டும். அப்பத்தாளப் பாக்கட்டும். ஒம்ம கால்ல விழுந்து கேக்குறோம் சாமி."

அப்பத்தாள் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டதைக் கேட்டதும் முத்துலட்சுமி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

* * *

வெயில் சாய்ந்த நேரம். கட்டிலில் ஒரு சின்னக் கால் அசைந்தது.

இனியாவுக்கு அம்மா என்று சொல்ல வராது. அப்பத்தா நாளெல்லாம் "ஏ சுகந்தி, ஏ சுகந்தி" என்று அதட்டுவதைக் கேட்டுக் கேட்டு, பிள்ளையும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும். பாதிப் பேரை முழுங்கிவிட்டு, கடைசியை மட்டும் சொல்லும். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், சுகந்திக்குத்தான் வருத்தம்.

கண் திறந்தது. எதையும் பார்க்காத மாதிரி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தது. மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். பார்வை சுவரில் இறங்கி, கம்பியில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலில் நின்று, கடைசியில் சுகந்தியின் முகத்துக்கு வந்தது.

"ந்தி" என்றது.

சுகந்தி "என் தங்கமே" என்று கட்டிலில் கவிழ்ந்தாள். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். இன்னும் ஒரு ராத்திரி பார்க்க வேண்டும், ஆனால் கண்டம் தாண்டியாயிற்று என்றாள்.

நிம்மதி முழுசாக ஒரு நாழிகை நிற்கவில்லை. தூத்துக்குடி லோடைப் பந்தல்குடியில் ரோட்டோரம் அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த பைக்கில் தொற்றிக்கொண்டு அழகுராஜா வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். விஷம் மாதிரி எதுவும் வயிற்றுக்குள் போனதாக வந்தால் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டுமாம். சீனிச்சாமி கொண்டுவந்த பாட்டில் ஜன்னல் திண்டில் இருந்தது.

அழகுராஜா மகளைத் தொட்டுப் பார்த்து, முத்தம் கொடுத்து, அழுது, மூக்கைச் சிந்தினான். பிறகு கேட்டான்.

"என்னம்மா நடந்துச்சு?"

"சூடம் கரைச்ச எண்ணெய் வாய்க்குள்ள போயிருச்சுப்பா" என்றாள் முத்துலட்சுமி. "கரைச்சவ நானு. தெரியாமப் போயிருச்சு. அம்புட்டுத்தான். எழுதிக்கங்கய்யா."

"யாரு ஊத்துனது?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் சுகந்தி.

அழகுராஜா பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். மூடியைத் திருப்பியபோது அவன் கை நின்றது. சிவப்புக் குறியைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது என்ன குறி?"

அவன் கேட்ட விதம் சுகந்திக்குச் சரியாகப் படவில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிய மனுஷன். சாமி குத்தம் என்றால் நடுங்குகிறவன். வீட்டுக்குள் சபை வந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி அடித்துவிட்டது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டால், அவனை அப்புறம் யாராலும் திருப்ப முடியாது.

முத்துலட்சுமியின் கை நீண்டு, சுகந்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பேசாதே என்று சொன்னது அந்தப் பிடி.

"ஆஸ்பத்திரி எண்ணெய்டா அது" என்றாள் முத்துலட்சுமி. "மருந்துக்கடை பிளஸ்ஸு. பாத்தாத் தெரியல?"

சுகந்தி அத்தையைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பிறகும் சொல்கிறாள். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். தலையை மட்டும் ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடலாம்.

காலையிலும் இப்படித்தான் இருந்தது. ஒரு சின்னப் பொய். யாருக்கும் தெரியாது.

கட்டிலில் இனியா விரலால் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தது. வெள்ளைத்தாய் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மகளையே பார்த்தாள். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"இல்ல மாமா" என்றாள் சுகந்தி. "அது பிளஸ் இல்ல. சிலுவை. நான்தான் போட்டேன். அது ஜெபம் பண்ணின எண்ணெய்."

போலீஸ்காரரின் பேனா நின்றது.  அழகுராஜா மனைவியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான்.

"எம்மா, ஒனக்குத்தான் நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். சபை உள்ள வந்தா என்ன செய்யணும்னு நீதான் சொன்ன. இப்பச் சொல்லு. பிள்ளையத் தூக்கிட்டு நான் யார்கூட வீட்டுக்குப் போகணும்?"

 சுகந்தியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை முத்துலட்சுமி இன்னும் விடவே இல்லை.